புனஸ்ச ஹரி ஓம்

படிப்பின் பொருட்டு எழுத்தை நிறுத்திவைத்தவர் திரும்பி வரும்போது முதல் பத்தியில் ஒரு கூச்சம் இருக்கும். இடைவெளிக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். வாசகர் காத்திருந்தாரா என்பதோ தெரியாது. அவ்வகையில் என் நினைவில் நிற்பது, 1927 ஏப்ரல் 3 அன்று பம்பாயில் வெளிவந்த 'பகிஷ்கிருத பாரத்' என்னும் மராத்தி இதழின் முதல் தலையங்கம். 'புனஸ்ச ஹரி ஓம்' என்பது அதன் தலைப்பு. நம் வழக்கில் சொன்னால், மீண்டும் ஒரு பிள்ளையார் சுழி. எழுதியவர் அம்பேத்கர்.

மீண்டும் என்ற சொல்லுக்குப் பின்னால் ஏழு ஆண்டுகள் இருக்கின்றன.

1917இல் பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால், லண்டன் பொருளாதாரப் பள்ளியில் தொடங்கிய படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவர் ஊர் திரும்ப நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்தால் தொடரலாம் என்று அனுமதி பெற்றிருந்தார். அடுத்த ஆண்டு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில் மிச்சம்பிடித்துக்கொண்டிருந்தபோதுதான், கோலாப்பூர் அரசர் சாகு மகராஜ் அளித்த 2,500 ரூபாய் நன்கொடையுடன், 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று பொருள். அரசுக் கல்லூரி ஆசிரியர் வெளிப்படையாக இதழ் நடத்த இயலாது என்பதால், ஆசிரியராகப் பாண்டுரங் பட்கரின் பெயர் இடம்பெற்றது. கட்டணம் தருவதாகச் சொல்லியும் 'கேசரி' இதன் விளம்பரத்தை வெளியிட மறுத்ததாக அம்பேத்கர் பின்னாளில் எழுதினார். திலகர் தொடங்கிய இதழ் அது.

அரை ஆண்டுகூட ஆகவில்லை, ஜூலையில் கப்பலேறிவிட்டார். காலங்காலமாக வாய் மூடப்பட்டிருந்த மக்களுக்கு ஒரு குரலை உருவாக்கிவிட்டு, உடனே புறப்படுவது சரியா? அன்று யாரேனும் அப்படிக் கேட்டிருந்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு ஆண்டுக் கெடு 1921இல் முடிகிறது. அதைத் தவறவிட்டால் பட்டமும் இல்லை, பாரிஸ்டர் தொழிலும் இல்லை. சம்பளத்திற்கு ஓர் அரசு வேலையை நம்பியிருப்பவர் தம் பெயரில் இதழ் நடத்தவும் வழியில்லை. சுதந்திரமாக எழுதுவதற்காகவே எழுத்தை விட்டுப் போனார் என்றே எனக்குப் படுகிறது.

லண்டன் ஆண்டுகளைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். 1921இல் எம்.எஸ்ஸி., 1922இல் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர், பிறகு ரூபாயின் பிரச்சினை பற்றிய முனைவர் ஆய்வேடு. அதைத் திருத்தித் தரும்படி தேர்வாளர்கள் கேட்க, 1923இல் பம்பாய்க்குத் திரும்பிய பின்னரே அந்தத் திருத்தம் முடிந்து பட்டம் கிடைத்தது. இதற்குள் ஊரில் ஆதரவாளர் சாகு மகராஜ் 1922 மே மாதம் மறைந்துவிட்டார். கோலப் என்பவரின் பொறுப்பில் நடந்துவந்த 'மூக்நாயக்'கும் 1923இல் நின்றுபோயிற்று. படிப்பு முடிந்தது, இதழ் இல்லை.

திரும்பியவுடன் அவர் எழுத உட்காரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வழக்கறிஞர் தொழில், 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை என்று நான்கு ஆண்டுகள் கழிந்தன. பிறகு 1927 மார்ச் 20 வந்தது. மஹாடில், சவுதார் குளத்தில் இறங்கி அவரும் ஆயிரக்கணக்கானோரும் தண்ணீர் அருந்தினார்கள். அதற்காக அடிபட்டார்கள், குளத்திற்கு மேல்சாதியினர் தீட்டுக் கழித்தார்கள். நடந்ததைப் பிறருடைய இதழ்கள் சொன்னபடி விட்டுவிட முடியாது. சரியாக இரண்டு வாரத்தில் 'பகிஷ்கிருத பாரத்' வெளிவந்தது. இம்முறை ஆசிரியர் பெயர் அவருடையதே.

அந்தத் தலைப்பின் குறும்பு மராத்தி வாசகர்களுக்கு உடனே புரிந்திருக்கும். சிறையிலிருந்து விடுதலையானபின் 1899இல் 'கேசரி' ஆசிரியராகத் திரும்பிய திலகர், தம் தலையங்கத்திற்கு வைத்த தலைப்பு அது. விளம்பரத்திற்குக்கூட இடம் தராத இதழிலிருந்து அதன் மிகப் புகழ்பெற்ற சொல்லையே எடுத்துக்கொண்டார் அம்பேத்கர். குரலும் மாறியிருந்தது. 'மூக்நாயக்'கின் முதல் இதழில் இந்து சமூகத்தைப் படிக்கட்டு இல்லாத அடுக்குமாடிக் கோபுரமாக விளக்கியவர், இப்போது சட்டம் படித்தவராக, குறுக்கு விசாரணை செய்கிறவரைப் போல வாதாடினார்.

இதழுக்கு இருபத்துநான்கு பத்திகள்வரை ஊதியமின்றித் தாமே எழுதி நிரப்பினார். அப்படியும் பணம் போதவில்லை. 1929 நவம்பரில் இதழ் நின்றது. அடுத்து 'ஜனதா' 1930 நவம்பர் 24 அன்று தொடங்கியபோது, வட்டமேசை மாநாட்டிற்காக அவர் மறுபடி லண்டனில் இருந்தார். ஒடுக்கப்பட்டோரின் மற்றொரு பிரதிநிதியாக உடன் சென்றிருந்தவர் நம் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கி ஏழாண்டுகள் நடத்தி, கடல் கடந்தபோது அதை விட்டுச்சென்றவர்.