ஆணை உறங்கிய கதை

வகுப்புரிமை நேற்று முளைத்த காளான் என்று நகைப்போர் உளர். அவர்கட்கு ஓர் ஆண்டினை நினைவூட்டுவோம்: 1854. நீதிக் கட்சி தோன்றுவதற்கு அறுபத்திரண்டு ஆண்டுகள் முன்பு! அந்த ஆண்டிலேயே சென்னை வருவாய் வாரியம் ஒரு நிலையாணை பிறப்பித்தது. எண் 128, உட்பிரிவு 2. செல்வாக்குள்ள சில குடும்பத்தார் ஜில்லா உத்தியோகங்களை வளைத்துக் கொள்ளாதபடி கலெக்டர்கள் கண்காணித்திட வேண்டும். முக்கியப் பதவிகளைப் பல சாதியாருக்கும் பகிர்ந்தளித்திட முயல வேண்டும் என்றது அது.

நல்ல ஆணைதான். கண்ட பலன் என்ன? 1912-ஆம் ஆண்டுக் கணக்கைப் புரட்டுவோம். சென்னை மாகாண மக்களிலே பிராமணர் நூற்றுக்கு 3.2 பேர். டிப்டி கலெக்டர்களிலே அவர்கள் நூற்றுக்கு 55. சப் ஜட்ஜுகளிலே 83.3, ஜில்லா முன்சீப்புகளிலே 72.6. மாகாண சிவில் சர்வீஸ் போட்டித் தேர்விலே 1892 முதல் 1904 வரை வென்றவர் 16 பேர்; அவருள் 15 பேர் பிராமணர். இதனை 1913-ல் அரசுப் பணிகள் பற்றிய ராயல் கமிஷன் முன் எடுத்துரைத்தவர் எந்த மேடைப் பேச்சாளரும் அல்லர். அலெக்சாண்டர் கார்டியூ என்னும் வெள்ளை அதிகாரி!

ஆணை இருந்தது, அளவுகோல் இல்லை. ‘முயல வேண்டும்’ என்றால், முயன்றோம், முடியவில்லை என்று எழுதிவிட்டால் கடமை தீர்ந்தது. யாரைச் சேர்த்தீர், எத்தனை பேரைச் சேர்த்தீர் என்று கேட்பார் இல்லை.

1921 செப்டம்பரில் அந்தக் கேள்வி பிறந்தது. நீதிக் கட்சி ஆட்சியின் 613-ஆம் எண் ஆணை, பழைய விதியை எல்லாத் துறைகட்கும் விரித்து, ஆறு திங்களுக்கு ஒருமுறை வகுப்புவாரிக் கணக்கினை அனுப்பச் சொன்னது. பள்ளியிலே நாள்தோறும் வருகைப் பதிவேட்டைத் திறக்கும் நாம் அறிவோம், பெயரை அழைத்தால்தான் வராதவன் யார் என்பது புலப்படும்.

கணக்கு, குறையைக் காட்டிற்று. குறையைக் களையும் வழி 1927-ல் வந்தது. சுப்பராயன் அமைச்சரவைக் காலத்திலே பிறந்த ஆணை அது. பன்னிரண்டு இடங்கள் கொண்டது ஒரு சுற்று. பிராமணரல்லாத இந்துக்கட்கு ஐந்து, பிராமணர், முஸ்லிம்கள், ஆங்கிலோ இந்தியரோடு கிறித்தவர் ஆகியோர்க்கு இவ்விரண்டு, தாழ்த்தப்பட்டோருக்கு ஒன்று. அடுத்துக் காலியாகும் இடம் யாருக்கு என்பது முன்கூட்டியே ஏட்டிலே எழுதப்பட்டுவிட்டது! அதிகாரியின் தயவு, உறவு, பரிந்துரை எல்லாம் அந்த ஏட்டின் முன் வாயடைத்து நின்றன. தாழ்த்தப்பட்டோருக்குப் பன்னிரண்டிலே ஒன்றுதானா? கேட்கத்தான் வேண்டும். 1947-ல் பதினான்கு இடச் சுற்றாகத் திருத்தியபோது அவர்கட்கு இரண்டு கிடைத்தது; பிற்படுத்தப்பட்ட இந்துக்கட்கும் தனியே இரண்டு.

பின்னர் வந்தது 1951 ஏப்ரல் 9. கல்லூரி இடங்கள் பற்றிய செண்பகம் துரைராசன் வழக்கை நாடறியும். அதே நாளில் உச்சநீதிமன்றம் தீர்த்த இன்னொரு வழக்கைப் பேசுவோர் குறைவு. அது 83 ஜில்லா முன்சீப் பதவிகளைப் பற்றியது. வகுப்புவாரிப் பங்கீடு செல்லாது என்றது தீர்ப்பு. ஆனால் அரிசனங்கட்கு ஒதுக்கிய 19 இடங்களும், பிற்படுத்தப்பட்ட இந்துக்கட்கு ஒதுக்கிய 10 இடங்களும் பிழைத்தன. ஏன்? அரசியல் சட்டத்தின் 16(4) விதி அரசுப் பணிக்குக் காப்பாக முன்னமே நின்றது. கல்லூரிகட்கு அக்காப்பு இல்லை; போராடி, அரசியல் சட்டத்தையே திருத்தி, 15(4) விதியைப் பெற வேண்டியதாயிற்று.

1995-ல் சபர்வால் வழக்கிலே பதிவேட்டுக்கு மேலும் ஒரு தெளிவு கிடைத்தது. ஒதுக்கிய அளவு நிரம்பும்வரைதான் சுற்று ஓடும். பிறகு ஒதுக்கிய இடத்தில் இருந்தவர் ஓய்வு பெற்றால், அதே பிரிவினரே அவ்விடத்துக்கு வர வேண்டும்.

இத்தனையும் பதிவேட்டிலே ஏறிய பதவிகட்கு. ஏறாதவற்றுக்கு? நிலையான வேலைகளிலே ஒப்பந்தக் கூலிமுறையைத் தடை செய்யும் அதிகாரத்தை 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் அரசுக்கு அளித்தது. தடை வந்தால் தொழிலாளி நிறுவனத்தின் ஊழியராகிவிடுவார் என்று பலர் நம்பினர். 2001-ல், அரசுத்துறை உருக்கு நிறுவனமான செயில் தொடர்பான வழக்கிலே, தானாக அப்படி ஆகிவிடமாட்டார் என்றது உச்சநீதிமன்றம்.

பொதுத்துறை ஆலையின் வாயிலைக் காப்பவரும் வளாகத்தைப் பெருக்குபவரும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்றால், அவர்கள் பெயர் ஒப்பந்தக்காரரின் கூலிக் கணக்கிலே இருக்கிறது. நிறுவனத்தின் சுழற்சிப் பதிவேட்டிலே அவர்கட்கென்று ஒரு வரியும் இல்லை.