கை நரம்புச் சோதனைகள் (தமிழ்நாடு)

கழுத்துத் தண்டுவடத்தில் தொடங்கி விரல்நுனி வரை ஓடும் நரம்புகள் எங்கே, எந்த அளவு பழுதுபட்டன என்பதை, நோயாளியைத் தொட்டும் தட்டியும் அசைக்கச் சொல்லியும் கண்டறியும் முறைகள். தமிழ்நாட்டில் இவற்றின் வரலாறு பெரும்பகுதி தொழுநோய் மருத்துவத்தோடு பிணைந்தது.

தென்மாவட்டங்களின் வர்ம மருத்துவத்தில் கழுத்து, தோள், கைப் புள்ளிகளைத் தொட்டறியும் மரபு உண்டு. அதன் சுவடிகளின் காலம் குறித்து ஒருமித்த கருத்து இல்லை.

இன்று வழங்கும் சோதனைகள் பல போர்க்கள மருத்துவமனைகளில் உருவானவை. அறுந்த நரம்பின் மேல் தட்டினால் அது செல்லும் வழியில் சுருசுருவென்று உணர்வு ஓடுவதை 1915இல் ஜெர்மனியின் ஹோஃப்மனும் பிரான்சின் டினலும் தனித்தனியே எழுதினர். ஹோஃப்மன் சில மாதங்கள் முந்தியவர் என்பர். ஆனாலும் டினலின் பெயரே நிலைத்தது. அதே ஆண்டு ஃப்ரோமான் தாள் சோதனையை விளக்கினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையே ஒரு தாளைப் பிடிக்கச் சொல்லி மருத்துவர் இழுப்பார். சுண்டுவிரல் பக்கம் ஓடும் அல்நர் நரம்பு பழுதாகியிருந்தால் கட்டைவிரலின் நுனிக்கணு தானே மடங்கிக்கொள்ளும். தசை வலுவை 0 முதல் 5 வரை மதிப்பிடும் அளவுகோல் இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டனில் பரவியது.

தமிழ்நாட்டில் திருப்புமுனை 1947இல் செங்கல்பட்டில் நேர்ந்தது. அதில் முதன்மையானவர் பால் பிராண்ட் (1914–2003). கொல்லிமலையில் ஊழியத்துக்கு வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். ஒன்பது வயதுவரை மலையில் வளர்ந்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்துக்கு அழைத்தார்.

விரல்கள் கொக்கியாய் வளைந்த ஒரு நோயாளியிடம் தன் கையை இறுக்கிப் பிடிக்குமாறு பிராண்ட் கேட்டதாக அவரே பின்னாளில் எழுதியுள்ளார். செத்த கை என்று எல்லோரும் கருதிய அந்தக் கையின் பிடியில் நகங்கள் அவர் தோலில் பதிந்தன. முன்கைத் தசைகள் முழு வலுவோடு இருந்தன; உள்ளங்கையின் சிறு தசைகளே செயலிழந்திருந்தன. ஒரு கைகுலுக்கலின் அளவே ஆன இந்தச் சோதனையிலிருந்து கைச் சீரமைப்பின் ஒரு புதிய பிரிவே கிளைத்தது எனலாம்.

அதன்பின் இல்லத்து நோயாளிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்துத் தசை தசையாகச் சோதித்துப் பதிவுசெய்தனர். ஒழுங்கு ஒன்று தென்பட்டது: அல்நர் நரம்பு முழங்கையருகே, மீடியன் நரம்பு மணிக்கட்டருகே, ரேடியல் நரம்பு அரிதாகவே பழுதுபட்டிருந்தது. நரம்பு தோலுக்கு அண்மையில் ஓடும் இடங்கள் குளிர்ச்சியானவை, கிருமிக்கு அது உகந்தது என்பது பிராண்டின் விளக்கம். எலும்பை ஒட்டிய குறுகிய வழியில் வீங்கிய நரம்பு நெரிபடுவதே முதன்மைக் காரணம் என்போரும் உளர். இரண்டும் சேர்ந்தே வினைபுரிவதாகப் பல நூல்கள் கொள்கின்றன.

வலுவோடு எஞ்சிய தசை எது என்று சோதனை காட்டியதால், அதன் தசைநாணை வழிமாற்றி விரல்களுக்கு இணைக்கும் அறுவை 1948 முதல் வேலூரில் நடந்தது. அறுவைக்கு முன்னும் பின்னும் அளந்து பார்ப்பதும் பயிற்சி தருவதும் இயன்முறை மருத்துவரின் பொறுப்பாயின. 1955இல் வேலூர் அருகே கரிகிரியில் ஆய்வு மையமும், திருமணியில் நடுவண் அரசின் பயிற்சி நிறுவனமும் அமைந்தன.

களப்பணியாளருக்கென்று சோதனை பின்னர் மிகச் சுருங்கியது. முழங்கையின் உட்புறக் குழியில் விரலை வைத்து நரம்பு தடித்திருக்கிறதா, தொட்டால் நோயாளி வலியில் முகம் சுளிக்கிறாரா என்று பார்ப்பார்கள். "சுண்டுவிரலை வெளியே விரிங்க, கட்டைவிரலை மேலே தூக்குங்க, மணிக்கட்டை நிமிர்த்துங்க" என்று மூன்றே அசைவுகள். மூன்று நரம்புகளுக்கும் அது போதும். உணர்ச்சியை அறியப் பந்துமுனைப் பேனா: கண்ணை மூடிய நோயாளி, தொட்ட இடத்தைத் தம் விரலால் காட்ட வேண்டும். மாதந்தோறும் ஒரே அட்டையில் குறித்துவந்தால், நோயாளி உணருமுன்பே நரம்பு நலிவது தெரிந்து ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்க முடிகிறது.

கை அறுவை தொழுநோய் மருத்துவத்தோடு நின்றுவிடவில்லை: சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1971இல் ஆர். வெங்கடசாமி கை அறுவைத் துறையைத் தொடங்கினார்.

கழுத்தைப் பொறுத்தவரை 1944இல் ஸ்பர்லிங் விளக்கிய சோதனையே பரவலானது: தலையை வலியுள்ள பக்கம் சாய்த்து மேலிருந்து அழுத்தினால் கையில் வலி இறங்கும். வலி இறங்கினால் நரம்புவேர் நெரிபடுவது ஏறக்குறைய உறுதி. இறங்காவிட்டால் நோயில்லை என்று சொல்லிவிட முடியாது. தலையைத் திருப்பி மூச்சை அடக்கி மணிக்கட்டு நாடியைப் பார்க்கும் ஆட்சன் சோதனை, நலமான பலரிடமும் நாடி மறைவதால் மதிப்பிழந்து வருகிறது.

அண்மைக் காலத்தில் இருசக்கர வாகன விபத்துகளே கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலின் காயத்துக்கு முதன்மைக் காரணம். கோவை கங்கா மருத்துவமனை இதன் அறுவையில் பெயர்பெற்றது. காறை எலும்புக்கு மேலே தட்டும்போது கைக்குள் சுருசுருப்பு இறங்கினால், ஏதேனும் ஒரு வேராவது தண்டுவடத்தோடு ஒட்டியிருக்கிறது, ஒட்டு நரம்பு வைக்கலாம் என்று கொள்வர். அதே பக்கத்து இமை தொங்கிக் கண்மணி சுருங்கியிருந்தால் கீழ்வேர் பிடுங்கப்பட்டிருக்கலாம். ஸ்கேனும் மின்சோதனையும் இப்போது துணைக்கு உண்டு.