எலும்பில் எழுதிய பெயர்

மறைந்துவரும் கைத்தொழில்கள் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நான் பேசியதை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1840-இல் விக்டோரியா மகாராணியார் தமது திருமணத்தில் அணிந்த லேஸ், இங்கிலாந்தின் டெவன் வட்டாரப் பெண்கள் கையால் பின்னியது. அந்த லேஸ் மகாராணியின் பெயரால் புகழ் பெற்றது. பின்னியவர்களின் பெயர் அதில் எங்குமில்லை. ஆனால், லேஸ் பின்னிய ஏழைப் பெண்களின் பெயர்கள் வேறோர் இடத்தில் வாழ்கின்றன. அதுதான் அவர்கள் கையில் பிடித்த பாபின்.

தையல் இயந்திரத்துப் பாபினை எண்ணிவிட வேண்டாம். இது நூல் சுற்றும் ஒரு மெல்லிய குச்சி; ஒரு விரல் நீளம் இருக்கும். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, பாபின்களை மாற்றி மாற்றிப் போட்டால் லேஸ் உருவாகும். அகலமான வேலைக்கு நூறு பாபின்களுக்கு மேல் வேண்டும்.

இவற்றைக் கடைசல் பொறியில் கடைந்தார்கள். எந்தப் பொருளைக் கடைவது என்பதில்தான் கடைசல்காரரின் அனுபவம் தெரியும். பெட்ஃபோர்ட்ஷயர், பக்கிங்ஹாம்ஷயர் வட்டாரங்களில் பிளம்ஸ், ஆப்பிள், செர்ரி ஆகிய பழமரங்களையும் பாக்ஸ் மரத்தையும் நாடினார்கள். பாபினின் கழுத்து மிக மெல்லியது. மரத்தின் நார் நேராகவும் நெருக்கமாகவும் ஓடாவிட்டால் கடையும்போதே முறிந்துவிடும். ஈரம் காயாத மரம் பிறகு வளைந்துபோகும். சொரசொரப்பு இருந்தாலோ நூல் சிக்கிக்கொள்ளும்.

ஊருக்கு ஊர் தேவையும் வேறு. பெட்ஃபோர்ட்ஷயர் பாபினின் அடியில் கண்ணாடி மணிகளைக் கம்பியில் கோத்து மாட்டினார்கள். மணியின் எடை நூலை இறுக்கிப் பிடிக்கும்; குச்சி உருளாமலும் இருக்கும். டெவனில் மணியே கிடையாது. அங்கே பாபினைப் பின்னலின் கண்ணிக்குள் நுழைக்க வேண்டும் என்பதால் நுனி கூராகவும் உடல் வழவழப்பாகவும் இருந்தது.

அழகுக்காக மரத்தில் வெள்ளீயக் கலவை வளையங்களைப் பதித்ததும் உண்டு. நாளடைவில் அவற்றில் பல அரித்து உதிர்ந்துவிட்டன. எலும்போ நிலைத்தது.

மாட்டின் கால் எலும்பை எடுத்து, கொழுப்பு நீங்க வேகவைத்து, காயவைத்து, நீளவாக்கில் அறுத்துக் கடைவார்கள். மரப் பாபினைவிட இதற்கு விலை கூடுதல். எட்டாத விலையில் இருந்த தந்தத்தைவிடக் குறைவு. தேய்க்கத் தேய்க்க வழவழப்பாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது வெண்மையானது. சிறு சிறு குழிகளாகத் துளையிட்டுச் சிவப்பு, நீலச் சாயம் நிரப்பினால் எழுத்துகள் பளிச்சென்று தெரியும்.

எனவே எலும்புப் பாபின்களில் பெயர்கள் ஏறின. காதலன் தந்த அன்பு மொழி, இறந்த தாயின் நினைவு, பிறந்த குழந்தையின் பெயர் என்று பலவும் பதிந்தன. 1868-இல் பெட்ஃபோர்டில் பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்ட வில்லியம் வொர்ஸ்லியின் பெயர்கூட நினைவுப் பொருளாகப் பொறிக்கப்பட்டது. ஐந்தாறு வயதிலேயே லேஸ் பள்ளிக்கு அனுப்பப்பட்ட சிறுமிகளும் இத்தொழிலில் இருந்தார்கள். பின்னிய லேஸ் வியாபாரியிடம் போய்விடும். பாபின் மட்டும் அவர்களோடு தங்கும்.

இந்தக் கலை நம் இனத்தையும் தொட்டது. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் எனும் மிஷனரி அம்மையார் ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த சிலர், அந்த வருமானத்தைக் கொண்டே தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கியதாக மிஷனரிப் பதிவுகள் சொல்கின்றன.

இன்றும் பொழுதுபோக்காகப் பாபின் கடைவோர் இங்கிலாந்தில் உண்டு. 2022-இல் நடப்புக்கு வந்த சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, அங்கே தந்த வியாபாரத்தைத் தடை செய்துவிட்டது. கறிக்கடை எலும்புக்கு எந்தத் தடையும் இல்லை.

அடுத்த முறை அருங்காட்சியகத்தில் லேஸைக் கண்டால், பக்கத்தில் பாபின் இருக்கிறதா என்றும் பாருங்கள். அணிந்தவரின் பெயரை லேஸ் சொல்லும். உழைத்தவரின் பெயரை எலும்பு சொல்லும்.