மூக்கில் சொட்டிய மூளைநீர்

போன மார்கழியில் சித்தி ஒரு விஷயம் சொன்னார். கோலம் போடக் குனிந்தால் வலது மூக்கில் மட்டும் தண்ணி சொட்டுகிறதாம், போட்ட புள்ளியே அழிகிறதாம். பனி, அலர்ஜி என்று நாலு மாசம் மாத்திரையில் போனது. ஆனால் சளி மாதிரி பிசுபிசுப்பே இல்லை, வெறும் தண்ணி. கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் சித்தியைக் குனிய வைத்து, சொட்டியதைக் குப்பியில் பிடித்து லேபுக்கு அனுப்பினார். அது மூளைநீர்.

"ஆபரேஷன் மூக்கு வழியாவே பண்ணிடலாம்" என்றார் டாக்டர். மண்டையைத் திறக்க வேண்டாமா? நான் கம்ப்யூட்டர்காரன், மருத்துவம் தெரியாது. ஆனால் இந்த வழியை யார் கண்டுபிடித்தார்கள் என்று தேடாமல் இருக்க முடியவில்லை.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி சுமார் 150 மில்லி தெளிந்த நீர் இருக்கிறது. தினம் அரை லிட்டர் அளவுக்குப் புதிதாக ஊறுகிறது, பழையது ரத்தத்தில் கலந்துவிடுகிறது. மூளைக்கும் மூக்கின் கூரைக்கும் நடுவே இருப்பது சல்லடை மாதிரி ஒரு மெல்லிய எலும்பு. வாசனை நரம்புகள் அதன் துளைகள் வழியாகத்தான் இறங்குகின்றன. விபத்தில் அடிபட்டாலோ, உள்ளே அழுத்தம் கூடி எலும்பு தேய்ந்தாலோ அங்கே ஓட்டை விழலாம். நீர் வெளியே வருவதை விட, அதே ஓட்டை வழியாக மூக்கிலுள்ள கிருமி உள்ளே போவதுதான் பெரிய பயம். மூளைக்காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து.

வேடிக்கை என்னன்னா, இரண்டாம் நூற்றாண்டின் காலென் எல்லோருக்குமே சளி மூளையிலிருந்துதான் வருகிறது என்று நம்பினார். மூளையின் கழிவு சல்லடை எலும்பு வழியாக வடிகிறது என்பது அவர் கணக்கு. பிட்யூட்டரி சுரப்பியின் பெயரே சளிக்கான லத்தீன் வார்த்தையிலிருந்து வந்ததுதான். இந்த நம்பிக்கை ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. 1660களில் விட்டன்பெர்க்கில் கான்ராட் ஷ்னைடர், சளி மூக்கின் சவ்விலேயே சுரக்கிறது என்று காட்டி அதை உடைத்தார். அதற்கப்புறம், நிஜமாகவே மூளையிலிருந்து சொட்டுகிறவர்கள் விதிவிலக்கு ஆகிவிட்டார்கள். அவர்களைப் பற்றித் தனிப் புத்தகம் வர 1899 ஆனது. எழுதியவர் லண்டன் டாக்டர் செயின்ட் க்ளேர் தாம்சன்.

அடைக்கும் வேலையை முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் அமெரிக்காவின் வால்டர் டாண்டி, 1926ல். நெற்றிப்பக்கம் மண்டையைத் திறந்து, மூளையின் முன்பகுதியைத் தூக்கி, தொடையிலிருந்து எடுத்த தசைநார் உறையை ஓட்டையில் வைத்துத் தைத்தார். உயிர் பிழைக்க வழி கிடைத்தது. ஆனால் மூளையைத் தூக்கும்போது வாசனை நரம்புகள் அறுபடலாம். சாம்பார் வாசனை தெரியாத வாழ்க்கையை யோசித்துப் பாருங்கள். 1948ல் ஸ்வீடனின் டோல்மன், மண்டையைத் தொடாமல் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே கீறி உள்ளே போனார்.

எனக்குப் பிடித்தவர் ஆஸ்கர் ஹிர்ஷ். வியன்னாவின் மூக்கு டாக்டர். 1910லேயே மூக்குத் துவாரம் வழியாகப் பிட்யூட்டரி கட்டியை எடுத்தவர், அதுவும் மரத்துப்போகும் மருந்து மட்டும் கொடுத்து. நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் 1938ல் கிளம்பி பாஸ்டனுக்குப் போனார். 1952ல் மூளைநீர்க் கசிவையும் மூக்கு வழியாக மூடியதாக எழுதினார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

வழி இருந்தும் பலர் போகாததற்கு ஒரு முக்கியக் காரணம், உள்ளே ஒன்றும் சரியாகத் தெரியாது. அதைத் தீர்த்ததில் ஒரு இயற்பியலாளருக்குப் பெரிய பங்கு உண்டு. பிரிட்டனின் ஹெரால்ட் ஹாப்கின்ஸிடம் சிறுநீர்ப்பைக்குள் நல்ல படம் எடுக்க வழி கேட்டார்கள். குழாயில் காற்றுக்கு நடுவே சின்ன லென்ஸ்கள் இருந்த இடத்தில் நீளக் கண்ணாடித் தண்டுகளை வைத்தார். வெளிச்சம் பல மடங்கு கூடியது. 1959ல் காப்புரிமை. சிறுநீர்ப்பைக்காகச் செய்தது மூக்குக்குள் வந்து, 1981ல் ஜெர்மனியின் விகாண்ட் எண்டோஸ்கோப்பில் பார்த்தே கசிவை அடைத்தார்.

ஒட்டு வைப்பதும் சுவாரஸ்யம். பல சமயம் அதை எலும்புக்கு மேலே, மூளைப்பக்கமாகச் செருகுகிறார்கள். டயருக்கு உள்பக்கம் ஒட்டிய பேட்ச் மாதிரி, உள்ளிருந்து வரும் அழுத்தமே அதைப் பிடித்துக்கொள்ளும். பெரிய ஓட்டைக்கு, அர்ஜென்டினாவின் ரொசாரியோவிலிருந்து வந்த ஹதாத், பஸ்ஸகஸ்டெகி இருவரின் முறை 2006ல் வெளியானது. மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வை அதன் ரத்தக்குழாயோடு அப்படியே திருப்பி மூடுவது. ரத்த ஓட்டம் இருப்பதால் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு முன்பே, 2000ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் முதல் முயற்சியிலேயே எண்டோஸ்கோப் ஒட்டு சுமார் 90 சதவீதம் பேருக்குப் பிடித்திருந்தது.

சித்திக்குச் சின்ன ஓட்டைதான். முகத்தில் ஒரு தழும்பு இல்லை. மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மணும், ஆறு வாரம் குனியவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போதைக்கு கோலம் சித்தப்பா போடுகிறார். சித்தி திண்ணையில் உட்கார்ந்து, புள்ளி கோணல் என்கிறார்.