பலபடிகளின் பாகுமீள்மை

பாகுமீள்மை என்பது, ஒரு பொருள் விசைக்கு உட்படும்போது திண்மத்தின் மீள்தன்மையையும் நீர்மத்தின் பாகுத்தன்மையையும் ஒருங்கே காட்டும் பண்பாகும். ரப்பர், நெகிழி முதலிய பலபடிகள் (பாலிமர்கள்) இப்பண்பு உடையவை. சாலையில் இடப்படும் தாரும் இவ்வாறே இயங்குகிறது. இத்தகைய பொருட்களின் உருமாற்றம் விசையின் அளவை மட்டுமன்றி, விசை செயற்படும் நேரத்தையும் பொறுத்தது.

கணித மாதிரிகள்

இம்மாதிரிகள் இரண்டு உறுப்புகளால் அமைகின்றன. சுருள்வில்லில் தகைவு திரிபுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எண்ணெய் நிரப்பிய தணிப்பானில் தகைவு, திரிபு மாறும் வீதத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

* மாக்சுவெல் மாதிரி (1867): இரு உறுப்புகளும் தொடராக இணைக்கப்படும். திரிபு மாறாதிருக்கையில் தகைவு படிப்படியாகக் குறைவதை இது விளக்கும். காலம் தாழ்த்தி மீள்வதை விளக்காது.
* கெல்வின்-வோய்க்ட் மாதிரி: உறுப்புகள் இணையாக இணைக்கப்படும். மாறா விசையின் கீழ் பொருள் மெல்ல நீண்டு ஓர் எல்லையை அடைவதை விளக்கும். தகைவுத் தளர்வை விளக்காது.
* பர்கர்சு மாதிரி (1935): மேற்கண்ட இரண்டும் தொடராக இணைக்கப்படும். மீளும் பகுதி, நிலைத்துவிடும் பகுதி ஆகிய இரண்டையும் இதனால் கணிக்கலாம்.

மாக்சுவெல் மாதிரியில், பாகியல் எண்ணை மீட்சிக் குணகத்தால் வகுத்தால் கிடைப்பது தளர்வு நேரம் எனப்படும். அந்நேரத்தில் தகைவு தொடக்க மதிப்பில் ஏறத்தாழ 37 விழுக்காடாகக் குறையும்.

வெப்பநிலையின் விளைவு

வெப்பநிலை குறைந்தால் தளர்வு நேரம் பன்மடங்கு நீளும். இத்தொடர்பை வில்லியம்சு, லேண்டல், ஃபெர்ரி ஆகியோர் 1955இல் சமன்பாடாகத் தந்தனர். 1986 சனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் சிதைந்து எழுவர் உயிரிழந்தனர். ஏவூர்தியின் இணைப்பிலிருந்த ரப்பர் வளையம் குளிரில் விரைந்து மீளாமல் இடைவெளியை அடைக்கத் தவறியதே அதற்குக் காரணமாயிற்று.

தார்ச்சாலைகள்

எடுத்துக்காட்டாக, புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் செல்லும் பேருந்தைக் கொள்ளலாம். மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் ஓடுகையில் அதன் சக்கரம் சாலையின் ஒரு புள்ளியை ஏறத்தாழ 0.02 நொடியில் கடந்துவிடும்; தார் பெரும்பாலும் திண்மம் போல் மீண்டுவிடும். அதே பேருந்து குன்றின் அடிவாரத்தில் ஒரு மணி நேரம் நின்றால், சுமை 1,80,000 மடங்கு நேரம் செயற்படுகிறது. கோடை வெயிலில் இளகிய தார் அப்போது நீர்மம் போல் நகர்ந்து பள்ளமாகும். பேருந்து நிறுத்தங்களில் சாலை விரைவில் அமுங்குவதற்கு இது ஒரு காரணமாகும்.

இதனைக் குறைக்கத் தாருடன் பலபடிகள் சேர்க்கப்படுகின்றன. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன், சூடாக்கிய சல்லிக்கற்களின் மீது கழிவு நெகிழியைப் பூசிப் பின்னர் தாருடன் கலக்கும் முறையை உருவாக்கினார். இவருக்கு 2018இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

வரம்புகள்

மேற்கண்ட எளிய மாதிரிகள் சிறு திரிபுகளுக்கே பொருந்தும். பெரிய உருமாற்றங்களுக்கு, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற கே. ஆர். ராஜகோபால், அருண் சீனிவாசாவுடன் இணைந்து 2000ஆம் ஆண்டில் வெப்ப இயக்கவியல் அடிப்படையிலான கோட்பாட்டை வெளியிட்டார். அதனை ஜே. முரளி கிருஷ்ணனும் ராஜகோபாலும் பின்னர் தார்க் கலவைகளுக்குப் பயன்படுத்தினர்.