'ஓரமா போங்க' என்றால் ஓரம் எங்கே? திருச்சி, ஸ்ரீரங்கத்தில் நடப்பவர்களுக்கு சட்டம் தரும் உரிமை

திருச்சி:-

"ஓரமா போங்கம்மா" என்று பின்னால் ஹாரன் சத்தம். ஸ்ரீரங்கத்தில் தேரோடும் சித்திரை வீதியிலும், திருச்சி பெரிய கடை வீதியிலும் நடந்து போகிறவர்களுக்கு இது பழகிப் போச்சு. ஆனால் சட்டம் நடப்பவர் பக்கம்தான்.

வண்டி ஏறக்கூடாது

2017-ம் ஆண்டு மோட்டார் வாகன விதிமுறைப்படி நடைபாதையில் வண்டி ஓட்டவோ, நிறுத்தவோ கூடாது. சிக்னல் இல்லாத ஜீப்ரா கோட்டில் வண்டிதான் நின்று வழிவிட வேண்டும். நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இடைஞ்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்கிறது இந்திய சாலை காங்கிரஸ். 2 சக்கர நாற்காலிகள் எதிரெதிரே போகும் அகலம் அது.

அதற்காக தரைக்கடைக்காரர்களை இஷ்டத்துக்கு விரட்டவும் முடியாது. 2014-ம் ஆண்டு சட்டப்படி குழு அமைத்து அவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும்.

சைக்கிள்காரர் பாடு

சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் பாலம் வேண்டும். 1976-ல் திறந்த காவிரி பாலத்தை 2022-23-ல் பராமரிப்புக்காக மாதக்கணக்கில் மூடியபோது, கார்கள் பைபாஸ் பாலம் வழியாக சுற்றிப் போயின. மிதித்துப் போகிறவருக்கு அந்தச் சுற்று லேசானதல்ல.

சுப்ரீம் கோர்ட்டு

நல்ல நடைபாதை, அரசியல் சட்டம் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. எனவே ஓரம் எங்கே என்று இனி தாராளமாக கேட்கலாம்.