பல்லாவரம் ஈமப்பேழைகள்

பொழிச்சலூரிலிருந்து பம்மலைத் தாண்டினால் பல்லாவரம். 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கற்கருவியைக் கண்டெடுத்த ஊர் என்றே பாடநூல்கள் இதைச் சொல்லும். அதன் குன்றுச் சரிவில் இரும்புக்கால இடுகாடு ஒன்றும் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1880-களில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே அகழ்ந்தபோது சுடுமண் ஈமப்பேழைகள் வெளிப்பட்டன. நீள்தொட்டி போன்ற உடல், அதன் அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள், மேலே வளைந்த மூடி. சக்கரத்தில் சுற்றி வனையக்கூடிய உருவம் அல்ல. கையாலேயே இழைத்துச் சுட்டிருக்கிறார்கள். குழியில் பேழையை இறக்கி, கருப்பு சிவப்பு மட்கலங்களையும் இரும்புக் கருவிகளையும் உடன் வைத்து மண்ணிட்டு மூடினார்கள். மேலே கற்குவை, அதைச் சுற்றிப் பெரும் பாறைகளாலான கல்வட்டம். பல இடங்களில் முழு உடலை இடாமல், பின்னர் திரட்டிய எலும்புகளையே வைத்தார்கள். செங்கல்பட்டு வட்டாரத்தில் இத்தகைய புதைகுழிகளுக்குப் பாண்டவர் குழி என்று பெயர். 1950, 1952-ஆம் ஆண்டுகளில் மதுராந்தகம் பக்கத்துச் சாணூரிலும் தொல்லியல் துறை இத்தகைய ஈமச்சின்னங்களை அகழ்ந்தது.

இந்த ஈமச்சின்னங்களைப் போலவே எகிப்தின் பிரமிடுக்கும் தொடக்கம் குழியும் அதன் மேல்மூடியும்தான். சக்காராவில் ஜோசர் மன்னனுக்காக கி.மு. 2650 வாக்கில் எழுந்த படிப் பிரமிடு, முதலில் மஸ்தபா என்னும் தட்டையான கல்லறை மேடையாக இருந்து, பிறகு ஆறு அடுக்காக உயர்ந்தது. பின்னர் வந்த கூஃபு மன்னனின் பிரமிடு 146 மீட்டரைத் தொட்டது. பல்லாவரத்தில் அப்படி ஒரே மன்னனுக்காகக் குவிந்த உழைப்பு தெரியவில்லை. ஆனாலும் பாறை புரட்டவும் பேழை சுடவும் ஆள்பலம் வேண்டும். இறந்த எல்லோருக்கும் இது வாய்த்திருக்காது. தமிழ் மன்னர்களும் மண்கலத்துக்குள் போனவர்களே. புறநானூற்றின் 228-ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், சோழன் கிள்ளிவளவனுக்கு ஈமத்தாழி வனைய வேண்டிய குயவனைப் பார்த்து இரங்குகிறார்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இவ்வகைப் பேழைகளைக் காணலாம். கடப்பைப் பக்கத்துச் சங்கவரத்தில் கிடைத்த விலங்கு வடிவப் பேழையும் அங்கேதான் இருக்கிறது.

புதைகுழிகள் இருந்த நிலத்தில் இன்று தெருக்களும் அடுக்குமாடிகளும். 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டப்படி, இந்த இடுகாடு போன்ற பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை தனி அனுமதி வேண்டும். ஜமீன் பல்லாவரத்தில் மாடி எழுப்ப நினைக்கும் குடும்பங்களுக்கு இந்தப் பேழைகள் அறிமுகமாவது பெரும்பாலும் இந்த விதி வழியாகத்தான்.